இரண்டு சிவப்பு

அந்த வீட்டில் கார் நிறுத்த இடம் இருந்தது. கார்தான் இருந்ததில்லை. கட்டியவர் எந்தக் கனவில் கட்டினாரோ, சமையலறையைவிடக் கார் கொட்டகை பெரிதாக அமைந்துவிட்டது. குடிவந்தவர்கள் ஓட்டல் சமையல்காரர் ஒருவரும் அவர் மனைவியும். ஆரம்பத்தில் கொட்டகைக்குள் ஒரு சைக்கிளும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. இப்போது துணிக்கொடியில் பம்பர்கள் தொங்குகின்றன. வெள்ளை, சாம்பல், கறுப்பு, நடுவே ஒரு நீலம். சுவரோரம் பக்கக் கண்ணாடிகளின் வெறுங்கூடுகள், கண்ணை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்தவை போல வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மாடிவீட்டு அக்கா துணி உலர்த்த வரும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்ப்பாள்.

“முன்னாடி இருக்கு, பின்னாடி இருக்கு. நடுவுல எப்ப வாங்கப் போறே?”

“நடுவுல உடையட்டும் அக்கா, அதுவும் வரும்” என்பாள் சமையல்காரரின் மனைவி, கையிலிருக்கும் தேய்ப்புத் தாளை நிறுத்தாமலே.

தெருவுக்கு அவள் பம்பர் அக்கா. நாற்பதைத் தாண்டியவள். மெலிந்த கைகள், ஆனால் ஒரு பம்பரை மடியில் கிடத்தித் தேய்க்கும்போது அந்தக் கைகளில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளின் பிடி இருக்கும். விடாது, நோகவும் விடாது.

எல்லாம் ஒரு தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்தது. பிளாஸ்டிக் குடம் அடியில் விரிசல் விட்டால் கத்தியை அடுப்பில் காய்ச்சி இழுத்துவிடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எல்லா வீட்டிலும் அது இரண்டு நாளில் மறுபடி ஒழுகும். இவள் இழுத்தது ஒழுகவில்லை. குடத்தின் கழுத்திலிருந்தே ஒரு நார் அளவுக்குச் சீவி எடுத்து, அதை விரிசலுக்குள் உருக்கி ஊட்டியிருந்தாள். அந்தப் பிளாஸ்டிக்குக்கு அதே பிளாஸ்டிக் போனால்தான் ஒட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. குடத்துக்குப் பசி என்றால் குடத்தைத்தானே ஊட்ட வேண்டும் என்று தோன்றியது, செய்தாள். பிறகு பக்கத்து வீட்டு வாளி வந்தது, எதிர்வீட்டுப் பீப்பாய் வந்தது. கார் பட்டறை வைத்திருந்த அவள் அண்ணன் ஒரு நாள் சாப்பிட வந்தவன், கைகழுவப் போன இடத்தில் அந்த வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது எங்க உடைஞ்சிருந்துது?”

“நீயே சொல்லு.”

வாளியை வெயிலில் ஏந்தித் தேடிவிட்டுக் கீழே வைத்தான். அடுத்த வாரம் ஸ்கூட்டரின் பின்னால் கயிற்றால் கட்டி ஒரு பம்பரைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினான். “இதுவும் வாளிதான் தங்கச்சி. கொஞ்சம் நீள வாளி” என்றான்.

அன்றிலிருந்து வேலை வளர்ந்தது, அவளும் வளர்ந்தாள். விரிசலின் நுனியில் ஊசித் துளை போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும் என்பதைத் தானே கண்டுபிடித்தாள். உள்பக்கம் காய்ச்சிய கம்பிகளைத் தையல் போல அழுத்தி இறக்குவாள். வெளிப்பக்கம் பள்ளம் கீறி, பழைய பம்பர்களிலிருந்து தானே அறுத்து வைத்திருக்கும் குச்சிகளை உருக்கி நிரப்புவாள். சீவி, பட்டி மாவு பூசி, தண்ணீர் ஊற்றித் தேய்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெல்லிய துணியை விரலுக்கும் பம்பருக்கும் இடையில் வைத்துத் தடவுவாள். வெறும் விரல் பொய் சொல்லும், துணி சொல்லாது என்பது அவள் கட்சி. ஸ்பிரே கன்னும் காற்றடிக்கிற எந்திரமும் அண்ணன் கொடுத்தது. பழையதுதான், ஆனால் அவள் கையில் அது பெருமூச்சு விடாமல் வேலை செய்தது.

பெயின்ட் நாளில் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எண்ணெய் கூடாது. அடுப்பில் தாளிப்பு கூடாது, தலையில் எண்ணெய் கூடாது. காற்றில் மிதக்கும் எண்ணெய் ஒரு பொட்டு விழுந்தாலும் ஈரப் பெயின்ட் அந்த இடத்தில் குழிந்து விலகிவிடும். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற புருஷனைக் கட்டிக்கொண்டு இந்தச் சட்டத்தைக் காப்பது லேசில்லை. ஓட்டலிலிருந்து வரும் அவரைப் பின்வாசல் வழியாக அனுப்பி, சோப்புப் போட்டுக் குளித்த பிறகே முன்பக்கம் வரவிடுவாள்.

“கல்யாணத்தன்னைக்குக் கூட என்னை இப்படிக் குளிப்பாட்டலை” என்பார் அவர். பெயின்ட் நாளில் அவித்ததை மட்டும் தட்டில் பார்த்து, “ஊருக்கெல்லாம் பொரிச்சுப் போடுறேன், வீட்டுல நோயாளிச் சாப்பாடு” என்று முனகுவார். ஆனால் ஓட்டலில் வாடிக்கையாளர் யாராவது காரில் வந்து இறங்கினால், பரிமாறுகிறவர்களை விலக்கிக்கொண்டு போய் அந்தக் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வருவார். தன் மனைவி கை பட்டதா என்று தேடுவதுதான். தெரிந்ததே இல்லை. தெரியாமல் இருப்பதுதான் வேலை என்று அவருக்கும் விளங்கியிருந்தது.

அவளுக்கும் விளங்கியிருந்தது. ஆனால் வேலை தெரியாமல் இருப்பது வேறு, ஆளே தெரியாமல் இருப்பது வேறு.

பட்டறைக்கு வருகிற யாருக்கும் அவளைப் பற்றி அண்ணன் சொல்வதில்லை. பம்பர் யார் செய்தது என்று கேட்டால், “நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்” என்பான். இருக்கார். ஆம்பளையாகவே ஆக்கிவிட்டான். கேட்டால் அவனிடம் காரணம் இருந்தது. வீட்டுல செய்யறதுன்னு தெரிஞ்சா மதிப்புக் குறையும், பொம்பளைன்னு தெரிஞ்சா நூறு கேள்வி கேப்பாங்க, உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி. அவன் கெட்டவன் இல்லை. தங்கைக்குத் தலைவலி வராமல் பார்த்துக்கொள்வதே தன் பிறவிக் கடமை என்று நினைக்கிறவன். அவளுக்கோ அந்தத் தலைவலிதான் வேண்டியிருந்தது. வாசலில் ஒரு போர்டு. இங்கே இந்த வேலை செய்யப்படும் என்று ஒரு வரி. அதைப் பார்த்து ஒருவர் கதவைத் தட்ட வேண்டும், ‘நீங்கதானா’ என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் பம்பர் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அவரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. எழுத்துப் பலகையைக் காட்டி எல்லார் கண்ணையும் சோதிக்கிற மனிதர். அவர் கண்ணை யாரும் சோதித்ததில்லை, சோதிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு சட்டையில் ஒரு பொத்தான் வேறு நூலில் தைத்திருந்தால் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்வார். அவரிடம் அடர்சிவப்பில் ஒரு கார், புதிதாக வாங்கி ஒரே கையில் ஓடியது. பன்னிரண்டு வருஷமாக ஒரு கீறல் இல்லை. போன வாரம் எவனோ பின்னால் பார்க்காமல் லாரியை எடுத்து முன்பம்பரை இரண்டாகக் கிழித்துவிட்டான். அந்த மாதிரிக்கு இப்போது புதுப் பம்பர் எங்கேயும் கிடைப்பதில்லை.

“அந்த ஆளு ஒரு நிபந்தனை போட்டிருக்கார்” என்றான் அண்ணன், துண்டுகளைக் கொட்டகையில் இறக்கியபடி. “கிழிஞ்ச இடம் என் கண்ணுக்குத் தெரிஞ்சா வண்டிய வேற பட்டறைக்குக் கொண்டுபோயிடுவேன்னு. மத்த இடத்துலயும் கலர் மாறக் கூடாதாம். வேண்டாம்னு சொல்லிடலாமா?”

அவள் கிழிசலை இரு கையாலும் சேர்த்துப் பார்த்தாள். பற்கள் பற்களுக்குள் போய் உட்கார்ந்தன.

“நான் ஒண்ணு சொல்றேன் அண்ணா. அவர் கண்ணுல குத்தம் படலைன்னா, இதை யார் செஞ்சதுன்னு நீ அவர்கிட்ட சொல்லணும். எங்க வாசல்ல போர்டும் மாட்டணும்.”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “குத்தம் பட்டா?”

“பட்டா நான் வாயைத் திறக்கலை.”

“சரி” என்றான். அந்தக் கண்ணாடிக்காரர் குற்றம் கண்டுபிடிக்காமல் போவார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் சரி என்றான்.

அவளிடம் காரே வருவதில்லை, உடைந்த துண்டு மட்டும்தான் வரும். பிளாஸ்டிக்கின் மேல் பெயின்ட் வெளுப்பது வேறு, தகரத்தின் மேல் வெளுப்பது வேறு, அதனால் துண்டின் பழைய நிறத்தை நம்ப முடியாது. அப்புறம் நிறத்தை எப்படிச் சேர்ப்பது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பம்பரோடு கூடவே அந்தக் காரின் பெட்ரோல் ஊற்றும் இடத்துச் சின்னக் கதவையும் கழற்றி அனுப்பச் சொல்வாள். கையகலக் கதவு. காரோடு வெயிலில் காய்ந்து, காரோடு மழையில் நனைந்து, கார் வெளுத்த அளவு தானும் வெளுத்திருக்கும். புது நிறத்தை டப்பா எண்ணைப் பார்த்துக் கலக்குகிறவர்கள் ஏமாறுவார்கள். அவள் கதவைப் பார்த்துக் கலக்குவாள். இதுவரை அந்தக் கதவு அவளை ஏமாற்றியதில்லை.

கண்ணாடிக்காரரின் கதவைத் துடைத்து வெயிலில் வைத்தாள். ஆழ்ந்த சிவப்பு, கொஞ்சமும் சோர்ந்துபோகாத சிவப்பு. நன்றாகத்தான் வைத்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கிழிசலில் அவள் போட்ட உழைப்பு வேறெதிலும் போட்டதில்லை. துணி வைத்துத் தடவிப் பார்த்தபோது விரல் எங்கேயும் தடுக்கவில்லை. பளபளப்பு பூசி உலர்ந்ததும் கதவை அதன் மேல் வைத்தாள். கதவின் ஓரம் எது, பம்பர் எது என்று தெரியவில்லை. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்” என்றார் அவர்.

பம்பரை மாட்டுகிற அன்றைக்கு அவள் பட்டறைக்குப் போனாள். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற தங்கையாக, கையில் பாத்திரத்தோடு, உதிரிப் பொருள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தான் செய்த பம்பர் ஒரு காரில் ஏறி உட்காருவதை அவள் பார்த்ததே இல்லை. ஆட்கள் அதைத் தூக்கி வைத்து, கொக்கிகள் ‘டக் டக்’ என்று விழுந்தபோது, தன் வீட்டுப் பெண் மணமேடையில் உட்காருவதைப் பார்ப்பது போல இருந்தது.

கண்ணாடிக்காரர் வந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார். இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். குனிந்தார், நிமிர்ந்தார், கையால் தடவினார். கிழிந்திருந்த இடத்தை அவர் கை கடந்து போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி கடந்து போயிற்று. வலது ஓரத்துக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார்.

“இது வேற சிவப்பு” என்றார்.

“வெளிச்சம் அப்படி சார்” என்றான் அண்ணன்.

“வெளிச்சத்தோடதான் எனக்குப் பொழைப்பு. மட்கார்டு மங்கலா இருக்கு. பம்பர் பளிச்சுனு இருக்கு. நீங்களே பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். அவளும் இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். உண்மை. சக்கரத்துக்கு மேலிருக்கும் வலது மட்கார்டும் பம்பரும் சேரும் கோட்டில் இரண்டு சிவப்புகள் ஒன்றோடொன்று பேசாமல் நின்றன.

அண்ணன் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. “நம்ம பெயின்டர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார் சார். மட்கார்டையும் சேத்து அடிச்சுக் குடுத்திடறேன், ஒண்ணாயிடும்” என்றான்.

“மட்கார்டுல கம்பெனி பெயின்ட் இருக்கு. அதைத் தொட விடமாட்டேன். பம்பரைக் கழட்டிக் குடுங்க, நான் வேற எங்கேயாவது…”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அவசரம் ஒண்ணும் படலை” என்றாள். “பெயின்டர் யாரும் இல்லை சார். நான்தான் செஞ்சேன். எங்க வீட்டுல வச்சு.”

ஸ்பேனர் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அண்ணன், “ஏய், நீ சும்மா இரு” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. குற்றம் பட்டால் வாய் திறப்பதில்லை என்பதுதான் பேச்சு. ஆனால் அவசரப்பட்டார் என்ற அந்த ஒரு சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. இல்லாத ஒரு ஆம்பளை, அவள் செய்யாத ஒரு தப்பு. தன் தப்பை மட்டும் தனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா?”

“நான்தான். கிழிசல் எங்கன்னு தெரியுதா சார்?”

“தெரியலை” என்றார் அவர் நேர்மையாக. “ஆனா கலர் சேரலை.”

“இடது பக்கம் சேந்திருக்கே.”

அவர் இடது பக்கம் போனார். வலது பக்கம் வந்தார். மறுபடி இடது. பிறகு பம்பரை விட்டுவிட்டுக் காரையே முன்னால் நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

“அட” என்றார் மெதுவாக. “ரெண்டு மட்கார்டும் ஒரே சிவப்பு இல்லை.”

முதலில் கண்டுபிடித்தது அவர் கண்தான். காரணத்தையும் அவரே சொன்னார். கடைக்கு எதிரே, சுவரை ஒட்டி, ஒரு நாள் தவறாமல் ஒரே மாதிரி வண்டியை நிறுத்துகிறவர் அவர். சக்கரம் நிற்கிற இடத்தில் தரையில் அடையாளம்கூட வைத்திருக்கிறார். இடது பக்கத்துக்குச் சுவர் நிழல். வலது பக்கத்துக்குப் பகல் முழுக்க வெயில். பெட்ரோல் கதவு இருப்பது இடது பக்கம். கண்ட இடத்தில் நிற்கிற டாக்ஸிகளின் கதவுகள் எல்லாம் அவளிடம் உண்மை சொல்லின. ஒழுங்கான மனிதரின் கதவு பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறது.

“அப்ப பம்பரை எந்தக் கலர்ல அடிக்கிறது?” என்றான் அண்ணன். “இதுக்குச் சேத்தா அதுக்குச் சேராது.”

“ரெண்டுலயும்” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. “பம்பரைக் கழட்ட வேண்டாம். வண்டிய எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க சார்.”

“நான் இல்லாம வண்டி எங்கேயும் போகாது” என்றார் கண்ணாடிக்காரர்.

“நீங்களும் வாங்க. உங்க கண்ணு எனக்கு வேணும்.”

மறுநாள் காலையில் அந்தத் தெரு அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தது. கார் இல்லாத வீட்டின் கொட்டகைக்குள் ஒரு கார் நுழைந்தது. மாடிவீட்டு அக்கா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, “நடுவும் வந்துடுச்சு போல” என்றாள். சமையல்காரர் விடுப்பு எடுத்து, இரண்டு முறை குளித்துவிட்டு, விருந்தாளிக்கு நாற்காலி போட்டார்.

“ஒண்ணும் பொரிச்சுத் தர முடியாது சார். வீட்டுச் சட்டம். டீ மட்டும் தடையில்லை.”

“பம்பருக்கு விரதமா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“பம்பருக்கு இல்லை சார், எனக்கு.”

பழைய பம்பரிலிருந்து அறுத்த கையகலத் துண்டுகளில் அவள் சிவப்பைப் பூசிப் பூசி உலர்த்தினாள். வெயிலில் களைத்த சிவப்புக்கு வெள்ளையைச் சேர்த்தால் அது ரோஜாவாகிக் கெட்டுவிடும். ஆரஞ்சில் ஒரு சொட்டு, கறுப்பில் குச்சி நுனி அளவு. ஒவ்வொரு துண்டையும் வலது மட்கார்டில் வைத்துக் காட்டினாள். வெயிலில் ஒரு தடவை, குடை நிழலில் ஒரு தடவை.

“சூடு அதிகம்” என்பார் அவர். அடுத்தது. “கிட்ட வந்துட்டீங்க, ஆனா இன்னும் இளமையா இருக்கு.” அடுத்தது. “இது என்னைவிடக் கிழம்.”

“உங்க வயசுக்குக் கொண்டு வரேன் சார், பொறுங்க.”

கடைசியில் ஒரு துண்டை வைத்தாள். அவர் குனிந்து துண்டைத் தேடினார். அது போதும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

காரின் மற்ற இடமெல்லாம் தாள் ஒட்டி மறைத்தாள். தரையில் தண்ணீர் தெளித்தாள். கொட்டகையைச் சுற்றி நனைத்த போர்வைகளைத் தொங்கவிட்டார் புருஷன். கண்ணாடிக்காரரை வாசலுக்கு அப்பால் உட்காரச் சொல்லிவிட்டு, முகமூடியைக் கட்டிக்கொண்டு நின்றாள். இடது நுனியில் நிழலின் சிவப்பு. அதைத் தொடவே வேண்டாம், அது சரியாக இருக்கிறது. வலது நுனியில் வெயிலின் சிவப்பு. இரண்டும் எங்கே சந்தித்தாலும் அங்கே ஒரு கோடு விழும், அந்தக் கோட்டை அந்த மனிதரின் கண் எங்கேயிருந்தும் கண்டுபிடிக்கும். அதனால் அவை சந்திக்கவே கூடாது. ஒன்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், மற்றது வந்துகொண்டே இருக்க வேண்டும். காலைக்கும் மாலைக்கும் நடுவே வெயில் எந்த நொடியில் மாறிற்று என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா, அப்படி.

கையைக் கட்டுக்குள் வைத்து, முழங்கையால் அல்ல, காலால் நகர்ந்தாள். வலது நுனியில் அழுத்தம். இடதுபக்கம் வர வர விசையைத் தளர்த்தி, ஸ்பிரே கன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து, பாதிக்கு மேல் வந்ததும் மூச்சைப் போல, பிறகு மூச்சும் இல்லாமல். திரும்பிப் போய் மறுபடி. பளபளப்பை மட்டும் நுனிக்கு நுனி ஒரே வீச்சில், எங்கேயும் நிறுத்தாமல் பூசினாள்.

முகமூடியைக் கழற்றினாள். உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று தோன்றியது. நான் இதைச் செய்தேன்.

உலர்ந்து, தாள்களை உரித்தபோது மதியம் கடந்திருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு அண்ணனும் வந்துவிட்டான். கண்ணாடிக்காரர் காரைத் தெருவுக்கு எடுத்து, வெயிலில் நிறுத்தி இறங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். இடது ஓரம் பார்த்தார். வலது ஓரம் பார்த்தார். நடுவில் வந்து, பம்பரின் நீளத்துக்கு ஒரு விரலை மேலாக ஓட்டிக்கொண்டே போனார், நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்தலாம் என்று. விரல் இடது நுனி வரை போய்விட்டது. திரும்பி வந்தது. அங்கேயும் நிற்கவில்லை.

மாடியிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர், “என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றார் கண்ணாடிக்காரர். “இந்த பம்பர் உடைஞ்ச இடத்தைத் தொலைச்சிட்டேன்.”

“யார் வேலை சார் இது?”

அண்ணன் வாயைத் திறந்தான். பழக்கதோஷம். ‘நம்ம ஆள்’ என்று அவன் உதடு குவிவதை அவள் பார்த்தாள். கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார். கொட்டகை வாசலில், கைமுட்டி வரை சிவப்புத் தூசியோடு நின்ற அவளைக் கையால் காட்டினார்.

“இந்த அம்மா வேலை. நேத்து தப்புப் பண்ணாங்க, நான்தான் பண்ணேன்னு சொன்னாங்க. இன்னிக்கு இதையும் இவங்கதான் பண்ணாங்க. என் கண்ணு முன்னாடி.”

கார் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே சிவப்பாகத்தான் போயிற்று. அவளுக்கு மட்டும், தேடினால், எங்கே ஒன்று தேய்ந்து மற்றது தொடங்கியது என்று தெரிந்திருக்கும். அவள் தேடவில்லை.

அண்ணன் கொட்டகைத் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்தான், தூண் உறுதியா என்று பார்ப்பவன் போல. பிறகு, “போர்டுல என்ன எழுதணும்?” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“அதை நான் பாத்துக்கறேன்” என்றாள் அவள். “நீ ஏணியும் ஆணியும் மட்டும் கொண்டு வா.”